பொட்டுக்காரர்களுக்குப் பட்டினி

மார்ச் 3, செவ்வாய்

தோட்டத்துக் குளத்தில் மீன்கள் இருபதும் நலம். மாலை நாலு மணிக்கு முட்டை மஞ்சள் கரு இரண்டு. உதிர்த்துப் போட்ட ஒரு நிமிடத்தில் காலி.

ஹாஸ்டலில் வாரத்தில் நாலு நாள் முட்டை, இன்றும் உண்டு. இருநூற்று நாற்பது பிள்ளைகளில் பாதிப்பேர் உடம்பு இளைக்க வேண்டுமென்று மஞ்சள் கருவைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு எழுந்து போகிறார்கள். இருபத்தாறு வருஷமாக அந்தச் சமையற்கட்டு என் பொறுப்பு. சாப்பாடு குப்பைக்குப் போவதைப் பார்த்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் இரண்டு கருவைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன். எங்கள் பொட்டுக்காரர்களுக்கு இளைக்கிற ஆசையெல்லாம் கிடையாது.

பொட்டுக்காரர்கள் என்பது நான் வைத்த பெயர். ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம் வராது. நெற்றியில் ஒரு வெள்ளிப் பொட்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தால் முதலில் பொட்டுதான் தெரியும், பிறகுதான் மீன்.

மார்ச் 5, வியாழன்

மானம் போனது.

கரண்டிக்காரர் வந்தார். சுகாதாரத் துறை ஆள், எங்கள் தெருவுக்கு வியாழக்கிழமை முறை. கையில் நீளக் கம்பு, அதன் நுனியில் வெள்ளைக் கிண்ணம், பார்த்தால் பெரிய கரண்டி. தண்ணீரில் முக்கி எடுத்து டார்ச் அடித்துப் பார்ப்பார். கொசுப்புழு இருந்தால் வெள்ளையில் நெளிவது பளிச்சென்று தெரிந்துவிடும். இந்த மீன்களையும் போன வருஷம் அவர்தான் வாய்க்காலில் பிடித்து ஒரு பையில் கொண்டுவந்து விட்டார். "கடையில விக்கிற கலர் மீனெல்லாம் வேண்டாம்மா. நம்ம தண்ணியில பொறந்ததுதான் புழுவை விடாது" என்றார். சொன்னபடியே ஒரு வாரத்தில் புழு போய்விட்டது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

இன்று ஐந்து முறை முக்கினார். ஒன்பது புழு.

"நான் விட்ட மீன் எங்கேம்மா?"

"அதோ."

குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது மீனா, தலையணையா?"

"சாப்பாடு ஏதாவது போடறீங்களா?" என்றார். இல்லையே என்றேன். கைப்பையில் இரண்டு மஞ்சள் கரு இருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. குனிந்தபடியே, குளத்திடம் பேசுகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்: "வயிறு நிறைஞ்ச மீன் எதுக்குங்க புழுவைத் துரத்தப் போகுது? பட்டினி போடுங்க. செத்துடாது. இந்தத் தண்ணியிலேயே அதுக்கு வேண்டியது கிடக்கு."

அதற்குள் மாடி பால்கனியிலிருந்து நாத்தனார் குரல். "எத்தனை?"

"ஒன்பதுங்க."

என் வீட்டுக்காரருடைய அக்கா எதற்கும் கீழே இறங்கி வருகிறவர் இல்லை. இன்று இறங்கி வந்தார். குளத்துக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டார். "இருபத்தாறாம் தேதி வரைக்கும் டைம். அன்னைக்கு இவர் கரண்டியில ஒரு புழு, ஒண்ணே ஒண்ணு வந்தாலும் மறுநாள் காலையில இந்தக் குழியை மூடக் கொத்தனார் மணலோட வந்துடுவார். சொல்லி வெச்சாச்சு" என்றார். வந்த வழியே ஏறிப் போய்விட்டார்.

தோட்டத்தில் அவருக்கும் பாதி உண்டு. அதுகூடப் பரவாயில்லை. இவர் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக நாலு மாதம் தோண்டிய குளம் இது. எட்டடிக்கு ஆறடி, முழங்கால் ஆழம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வாரம் முழுக்கக் குனிந்து கண்ணாடி தேய்க்கிற மனுஷன், இந்தக் கரையில் உட்காரும்போதுதான் கொஞ்சம் நிமிர்கிறார். ஆனால் போன வருஷம் மீன் விடுவதற்கு முன்னால் கொசுக்காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்தவர் நாத்தனார். பாதி முடி கொட்டிப் போனது. அவர் பயத்தைத் தப்பென்று எப்படிச் சொல்வேன்?

சாப்பாடு போட்டது நான்தான், நிறுத்தினால் சரியாகிவிடும் என்று அவரிடம் போய்ச் சொல்லலாம். அதற்குப் பதில் நானே அந்தக் குழியில் படுத்துக்கொண்டு மணலைக் கொட்டச் சொல்லலாம்.

மார்ச் 6, வெள்ளி

முதல் நாள் பட்டினி. என் செருப்புச் சத்தம் கேட்டதும் இருபது வாயும் மேலே. தாண்டிப் போய்விட்டேன். கல்நெஞ்சுக்காரி.

மார்ச் 8, ஞாயிறு

ஒரே ஒரு மஞ்சள் கரு. அதிலும் பாதி என் விரலில் ஒட்டிக்கொண்டது. இது கணக்கில் வராது.

மார்ச் 10, செவ்வாய்

இவர் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தேன். பையில் பிஸ்கட் தூள். நேற்றைய சட்டையிலும் இருந்தது. இனிப்பு உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் பிஸ்கட் வாங்குவதில்லை. திருட்டுத்தனமாகத் தின்கிறாரென்று சாமியாடத் தயாராக வாசலில் நின்றேன்.

"நான் சாப்பிடலை" என்றார்.

"பின்னே பை சாப்பிட்டுச்சா?"

தலையைச் சொறிந்தார். காலையில் கடைக்குப் போகும்போது பொட்டுக்காரர்களுக்கு அரை பிஸ்கட். எட்டு மாதமாக. "வெறும் வயித்தோட அதுங்களை விட்டுட்டுப் போக மனசு வரலை. நீ சாயங்காலம்தானே போடுவே?"

ஆக நான் ஒரு ஷிப்ட், இவர் ஒரு ஷிப்ட். சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு திட்டினேன். திட்டும்போதே ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் கருவையும் ஒத்துக்கொண்டேன். இனி யார் போட்டாலும் ஒரு மாதம் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று ஒப்பந்தம்.

மார்ச் 12, வியாழன்

கரண்டிக்காரர். ஐந்து முக்கு, ஆறு புழு. போன வாரத்துக்கு இது தேவலாம் என்றார். அல்லி இலை ரொம்ப மண்டிக் கிடக்கிறது, மீன் உள்ளே நுழைய முடியாத இடத்தில் புழு ஒளிந்துகொள்ளும், பாதி இலையை வெட்டிவிடுங்கள் என்றார்.

பால்கனியிலிருந்து "எத்தனை?" வந்தது. ஆறு. பால்கனிக் கதவு சாத்திக்கொண்டது.

மார்ச் 14, சனி

இலை வெட்டினோம். இவர் குளத்துக்குள், நான் கரையில். வழுக்கி உட்கார்ந்துவிட்டார். பொட்டுக்காரர்கள் இவரைச் சுற்றிச் சுற்றி வந்து முழங்கால் முடியைக் கொத்திப் பார்த்தார்கள். "பசியில ஆளையே கடிக்குதுங்க" என்று இவருக்குக் கண் கலங்காத குறை. எழுந்திருக்கச் சொல்லிக் கை கொடுத்தேன், என்னையும் இழுத்துவிடப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது.

மேலே ஜன்னல் திரை விலகி மூடியது. பார்த்துச் சிரித்தாரா, முறைத்தாரா, தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

ஏழு.

ஒரு வாரம், ஒரு துணுக்குக்கூடப் போடவில்லை. நான் போடவில்லை. போன வாரத்தைவிட ஒன்று கூட. கரண்டிக்காரர் மீன்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, இது பட்டினி கிடந்த வயிறு இல்லை."

இவர் கடையிலிருந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன். என்னென்னவோ பேசிவிட்டேன். உங்களுக்குக் குளம் வேணுமா வேண்டாமா, ஒரு பிஸ்கட்டை அடக்க முடியாதா, உங்க அக்காவுக்கு நீங்களே மண்ணள்ளிக் குடுத்துடுவீங்க போலிருக்கே — எல்லாம். அவர் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். சுத்தமாக இருந்தது. உதறிட்டு வந்திருப்பீங்க என்றேன்.

டீ குடிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தையும் அவரே தேய்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். தேய்த்தது ஒப்பந்தப்படி குற்றத்தை ஒத்துக்கொண்டதா, இல்லை என்னைக் குத்திக் காட்டியதா?

மார்ச் 20, வெள்ளி

அவர் போடவில்லை. கேட்காமலே தெரிகிறது. பொய் சொன்னால் காது மடல் சிவக்கும் மனுஷன். நேற்று சிவக்கவில்லை, கோபத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "டீ போடு" என்றார். அவ்வளவுதான்.

அப்படியானால் யார்? பூனையா சாப்பாடு போடும்?

மார்ச் 22, ஞாயிறு

தண்ணீரில் ஒரு துண்டு ரொட்டி. ஊறி, அல்லி இலைக்கடியில் ஒட்டிக் கிடந்தது. எங்கள் வீட்டில் ரொட்டி வாங்குவதில்லை. நாளைக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 23, திங்கள்

பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இந்த வயதில் துப்பறியும் வேலை. முட்டி வலித்தது.

ஒரு மணி இருக்கும். மேலே பால்கனிக் கதவு திறந்தது, நாற்காலி இழுபட்டது. பொட்டுக்காரர்கள் இருபதும் ஒரே சமயத்தில் பால்கனிக்கு நேர்கீழே வந்து கூடின. நான் கூப்பிட்டால்கூட அப்படி வந்ததில்லை. மேலேயிருந்து ஒரு துணுக்கு ரொட்டி விழுந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. ஒவ்வொரு துணுக்குக்கும் நடுவில் ஒரு வாய் மெல்லுகிற நேரம்.

எனக்கு வந்ததே ஆத்திரம். குழி குழின்னு வாய் ஓயாம சொல்லிட்டு, கொத்தனார் வரைக்கும் சொல்லி வெச்சுட்டு, இங்கே ஒரு மணி ஷிப்ட் பார்க்கிறாங்களா? இவரை அநியாயமா திட்டினேனே. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு படியேறினேன். படியிலேயே நாலையும் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

கதவு திறந்திருந்தது. பால்கனியில் ஒரு நாற்காலி. மடியில் ஒரு தட்டு, தட்டில் ரொட்டி, காய்ந்து போன ஓரங்கள். பக்கத்தில் ஒரு டம்ளர். எல்லாம் ஒவ்வொன்று.

என்னைப் பார்த்ததும் நாத்தனார் தட்டை முந்தானையால் மூடினார். சின்னப் பிள்ளை மாதிரி.

"பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன் அண்ணி."

"அதுங்க பாவம்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல்: "நான் ஒரு வாய் சாப்பிட்டா அதுங்களும் ஒரு வாய் சாப்பிடும். கூட யாரோ உக்காந்து சாப்பிடற மாதிரி இருக்கும். தனியா சாப்பிட்டா இறங்க மாட்டேங்குது."

என் நாலு கேள்வியும் எங்கே போயின என்று தெரியவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் கணவர் இறந்தபோது ஆறு மாதம் கீழே எங்களோடுதான் சாப்பிட்டார். ஒருநாள் ஒரு வாய் வைத்துவிட்டு "ஹாஸ்டல் சாப்பாடு மாதிரி இருக்கு" என்றார். உலகத்தில் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். "அப்போ வார்டன்கிட்ட புகார் குடுங்க" என்றேன். மறுநாள் மாடியில் தனி அடுப்பு பற்றியது. நானும் நல்லதாப் போச்சு என்று விட்டுவிட்டேன். இருநூற்று நாற்பது பேர் தட்டில் யார் எதை ஒதுக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் தலைக்கு மேலே ஒருத்தர் ரொட்டியை மீனோடு பங்கு போட்டுத் தின்பது தெரியாது. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

கரண்டிக்காரர் சொன்னதை அவரிடம் சொன்னேன். என் மஞ்சள் கரு, இவர் பிஸ்கட், எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாம் தேதியே சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சம்.

அவர் கீழே குளத்தைப் பார்த்தார். "அப்போ என்னைக் கடிக்கப் போற கொசுவுக்கு நானே ஆள் வெச்சு வளர்த்தேனா?"

"மூணு பேரும் சேர்ந்து வளர்த்தோம் அண்ணி."

அவருக்குச் சிரிப்பு முதலில் தோளில் வந்தது, பிறகுதான் வாயில். நானும் சிரித்தேன். நாலு வருஷத்தில் முதல் தடவை.

கிளம்பும்போது சொன்னேன்: "நான் மூன்றரைக்கு வந்துதான் சாப்பிடறேன். தனியாதான், அடுப்படியில நின்னுக்கிட்டே. கீழே வாங்களேன். ஹாஸ்டல் சாப்பாடுதான்."

"பார்க்கலாம்" என்றார். கொத்தனாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

மூன்று ஷிப்டும் மூடல். மூன்றரைக்கு இரண்டு தட்டு வைத்தேன். அண்ணி வரவில்லை.

மார்ச் 25, புதன்

வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார் இவர். நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது, கொஞ்ச நாளுக்கு நான் எங்கே போவேன்?

மீன்கள் வேறு ஆளாகிவிட்டன. வாயைத் திறந்து காத்துக் கிடப்பதில்லை. விளிம்பு விளிம்பாக, இலை இலையாகச் சோதனை போடுகின்றன. ஒன்று அம்பு மாதிரி பாய்ந்தது. என்ன பிடித்தது என்று தெரியவில்லை, ஆனால் மென்றது. நான் கைதட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மார்ச் 26, வியாழன்

இவர் கடைக்கு லீவு போட்டுவிட்டார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பெற்றோர் மாதிரி கரையில் இரண்டு பேரும். அண்ணி பால்கனியில் நிற்கவில்லை, கீழே வந்து நின்றார். அன்றைக்கு மாதிரி நாலடி தள்ளியில்லை.

முதல் முக்கு ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, நாலு, ஒன்றுமில்லை. ஐந்தாவதில் ஏதோ நெளிந்தது. இவர் என் கையைப் பிடித்து நசுக்கினார். கரண்டிக்காரர் டார்ச்சை அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, "தூசி" என்றார்.

"பால்கனிக்குக் கீழே அந்த மூலையில போட்டுப் பாருங்க" என்றார் அண்ணி.

எனக்குத் திக்கென்றது. ரொட்டி விழுந்த மூலை. இருந்தால் அங்கேதான் இருக்கும், அது அண்ணிக்கும் தெரியும். கரண்டிக்காரர் முக்கி எடுத்தார். வெள்ளைக் கிண்ணத்தில் ஊசிமுனை அளவில் ஏதோ துள்ளியது. புழு இல்லை. கண்ணும் வாலுமாக ஒரு குஞ்சு. நெற்றியில் ஒரு பொட்டு, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு.

"குடும்பம் பெருகியிருக்கு" என்றார் கரண்டிக்காரர். கிண்ணத்தை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி அதை இரண்டு கையாலும் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகத் தண்ணீரில் சாய்த்தார்.

புழு: பூஜ்யம்.

மார்ச் 27, வெள்ளி

காலை எட்டு மணிக்குக் கொத்தனார் வந்து நின்றார். வண்டியில் மணல், சிமெண்டு, செங்கல். சொல்லி வைத்ததை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

நான் ஹாஸ்டலிலிருந்து ஓடி வருவதற்குள் மணலை இறக்கியாகிவிட்டது. கடைக்குக் கிளம்பும்போது வாசலில் வண்டியைப் பார்த்துவிட்டு இவர்தான் போன் பண்ணினார். வந்து பார்த்தால் அண்ணி தோட்டத்தில் நின்று கொத்தனாரிடம் கையை அகலமாக விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

"இவ்வளவு நீளம். ரெண்டு பேர் தாராளமா உக்காரணும், நடுவுல தட்டு வைக்க இடம் வேணும். இந்த மூலையில, தண்ணிக்குப் பக்கத்துல."

கொத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. "குழியை மூடணும்னு சொன்னீங்களேம்மா?"

"குழியா? அது குளம். கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

மார்ச் 30, திங்கள்

திண்டில் சிமெண்டு காய்கிறது. அண்ணி காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறார். கரண்டிக்காரர் தன் பழைய கரண்டி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். தினமும் ஒரு மணிக்கு ஐந்து முக்கு, அண்ணி பொறுப்பு. ரொட்டி கிடையாது. அப்படியும் பொட்டுக்காரர்கள் அவர் நிழலைக் கண்டதும் கூடிவிடுகிறார்கள். "ஒண்ணும் இல்லைடா, போய் வேலையைப் பாருங்க" என்று விரட்டுகிறார்.

குஞ்சு மூன்று.

ஏப்ரல் 2, வியாழன்

கரண்டிக்காரர் முக்கவேயில்லை. அண்ணியிடம் கேட்டார், அண்ணி பூஜ்யம் என்றார், எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றரைக்கு இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு புதுத் திண்டுக்குப் போனேன். அண்ணி முன்னாலேயே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். நடுவில் தட்டு வைக்க இடம். முதல் வாய் வைத்துவிட்டு மென்றார். நான் மீனைப் பார்ப்பது போல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

நான் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். கம்மிதான்.

அண்ணி இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டார்.

நாளைக்கு உப்பு டப்பாவையும் வெளியே எடுத்துக்கொண்டு போக வேண்டும். மறக்கக் கூடாது.